யார் வீட்டுப் பிள்ளைக்குப் பட்டறை?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் கிடைக்கிறது. நீட் அடிப்படை வகுப்பு, தட்டச்சு, ஸ்போக்கன் இங்கிலீஷ், நீச்சல் எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. ஓவியத்திலோ சிற்பத்திலோ நாட்டம் உள்ள பிள்ளைக்கு மட்டும், அந்தத் தொழிலில் பிழைக்கிற ஒருவர் பக்கத்தில் சில வாரம் உட்கார்ந்து பார்க்க வழியில்லை. பள்ளியின் கால அட்டவணையில் ஓவிய வகுப்பு இருக்கும். தேர்வு நெருங்கினால் அந்த நேரத்தைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்கு 2012இல் 16,000க்கும் மேற்பட்ட ஆசிரியர்களை அரசு எடுத்தபோது, பகுதிநேர ஆசிரியர்களாகத்தான் எடுத்தது. ஜவகர் சிறுவர் மன்றங்களும், அரசுப் பள்ளிகளில் அண்மை ஆண்டுகளாக நடக்கும் கலைத் திருவிழாவும் இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகின்றன. ஆனால் முன்னது வகுப்பு, பின்னது போட்டி. இரண்டிலும் பிள்ளைகள் பார்ப்பது ஆசிரியரையும் நடுவரையும். கலையைச் செய்து விற்றுச் சாப்பிடுகிறவரை அவர்கள் பார்ப்பதில்லை. பதினைந்து வயதுக்கு மேல், விரும்புகிற ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு விடுமுறையில் மூன்று நான்கு வாரம் கலைப் பட்டறை ஒன்றில் இன்டர்ன்ஷிப் கிடைக்க வேண்டும், அந்தத் தொழிலோடு எந்தத் தொடர்பும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது முதலில் கிடைக்க வேண்டும் என்பது என் கட்சி.

பட்டறையில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டால், கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சுவாமிமலையைக் காட்டலாம். அங்கே ஒரு செப்புத் திருமேனி வேலையைத் தொடங்கும் ஸ்தபதி, தென்னை ஓலை ஒன்றை எடுத்துச் சிலையின் உயரத்துக்கு நறுக்குவார். பிறகு சிற்ப நூலின் தாளக் கணக்குப்படி அதை மடித்து மடித்துப் பங்கு பிரிப்பார். ஒடியோலை என்பது அதன் பெயர். உத்தம தசதாளம் என்ற அளவு முறையில் முழு உருவம் 124 அங்குலம். இது ஸ்கேலில் இருக்கும் அங்குலம் இல்லை. சிலை பெரிதானால் அதுவும் பெரிதாகும், சிறிதானால் சிறுக்கும். முகம் எங்கே முடிகிறது, தொப்புள் எங்கே வரும், முழங்கால் எங்கே மடங்கும் என்பதெல்லாம் அந்த மடிப்புகளில் இருக்கின்றன. தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் உருவம் பிடித்து, காவிரி வண்டலை மெல்லிசாகப் பூசி, காயவிட்டு, மேலே கெட்டி மண் அப்பிக் கம்பி கட்டுவார்கள். சூடேற்றினால் மெழுகு உருகி வெளியே வடியும்; அது இருந்த இடத்தில் உலோகக் குழம்பு இறங்கும். ஆறியபின் மண்ணை உடைத்து எடுப்பது ஒரே ஒரு சிலை. அந்த அச்சு அதோடு போயிற்று.

விகிதம் என்ற பாடத்தை ஆறாம் வகுப்பிலேயே படித்துவிட்ட பிள்ளைக்கு, அந்த விகிதம் ஓர் ஓலைத் துண்டில் மடிந்து கிடப்பதைப் பார்ப்பது நல்ல அனுபவம்தான். ஆனால் நான் பெரிதாக நினைப்பது வேறு. பள்ளியில் பிள்ளை வரைந்ததை ஆசிரியர் பாராட்டுவது பெரும்பாலும் அன்பினால். குறை சொன்னால் பிள்ளை துவண்டுவிடும் என்ற அக்கறையினால். பட்டறையில் கை நீளம் சரியா தவறா என்பதை ஓலை சொல்லிவிடுகிறது. அங்கே குறை சொல்வதில் கோபமும் இல்லை, அவமானமும் இல்லை. மெழுகாக இருக்கும்வரை மூக்கைத் திருத்தலாம். மண் மூடியபிறகு முடியாது. எந்தக் கட்டத்தில் நிதானிக்க வேண்டும், எந்தக் கட்டத்துக்குப் பின் வருந்திப் பயனில்லை என்பதைத் தேர்வுத்தாள் கற்பிப்பதில்லை. வார்ப்பு முடிந்தபின் நாள்கணக்கில் அரத்தால் ராவி, உளியால் நகைகளையும் மடிப்புகளையும் செதுக்க வேண்டும். கலை என்றால் திடீரென்று வரும் உந்துதல் என்று நினைத்துக்கொண்டு போகிற பிள்ளைக்கு அங்கே சலிப்புத் தட்டும். கலைஞரின் நாளில் பெரும்பகுதி இப்படித்தான் கழிகிறது என்று தெரிந்துகொள்ள அந்தச் சலிப்பைத் தவிர வேறு வழி இல்லை.

பள்ளிப் பிள்ளையைப் பட்டறைக்கு அனுப்புவது என்றதும் தமிழ்நாட்டில் எழ வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், கிராமப் பிள்ளைகளின் பள்ளி நேரத்தை அன்றாடம் மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழகச் சொன்னது. குலக்கல்வி என்று பெயர் பெற்ற அந்தத் திட்டத்தைப் பெரியாரும் திமுகவும் கடுமையாக எதிர்த்தார்கள்; காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. 1954இல் ராஜாஜி விலகி, காமராசர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு முற்றிலும் நியாயமானது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8ஆம் வகுப்புக்குள் பத்து நாள் புத்தகப் பையை வைத்துவிட்டுத் தச்சர், குயவர், ஓவியர் போன்றோரிடம் பழகச் சொன்னபோது பழைய அச்சம் திரும்ப வந்ததிலும் வியப்பில்லை. நான் கேட்பது இவற்றிலிருந்து விலகி நிற்கிறது: பள்ளி நேரம் ஒரு மணிகூடக் குறையக் கூடாது, பத்தாவது முடியாத பிள்ளை போகக் கூடாது, பிள்ளை தன் வீட்டுத் தொழிலுக்குப் போகவே கூடாது. நெசவாளர் மகள் மெழுகு பிடிக்கட்டும், ஸ்தபதி மகன் ஓவியக் கூடத்துக்குப் போகட்டும், துப்புரவுத் தொழிலாளியின் பிள்ளை இரண்டில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கட்டும்.

சொல்லப்போனால் குலக்கல்விக்குப் பக்கத்தில் இருப்பது இன்றைய நிலைதான். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016இல் செய்த திருத்தம், பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை வேலையில் அமர்த்தக் கூடாது என்று சொல்லிவிட்டு, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம் என்று விலக்குத் தந்திருக்கிறது. ஸ்தபதி வீட்டுப் பிள்ளை விளையாட்டாகவே மெழுகைத் தொட்டு வளர்கிறது. அடுத்த தெருப் பிள்ளை சிலையைக் கோயிலிலோ கண்காட்சியிலோதான் பார்க்கிறது. 1957இல் மாமல்லபுரத்தில் தொடங்கிய சிற்பப் பள்ளி, இன்று அரசுக் கல்லூரியாக, மரபை விண்ணப்பம் போட்டுப் படிக்கும் படிப்பாக்கியது. ஆனால் அங்கே சேர வேண்டும் என்று ஒரு பிள்ளைக்குத் தோன்ற வேண்டுமே! தோன்றுவதற்கு முதலில் அப்படியொரு வேலையை யாராவது காட்டியிருக்க வேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம் நடைமுறை அறிந்தவர்களுடையது. பயிற்சி என்று அழைத்து, டீ வாங்கிவரவும் கூட்டிப் பெருக்கவும் எடுபிடி ஆளாக வைத்துக்கொள்வார்கள் என்பார்கள். நடக்கக் கூடியதுதான். அதற்கு மருந்து பணம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகம் 2020இல் கிடைத்த 50 லட்சம் டாலர் நன்கொடையைக் கொண்டு, தன் இன்டர்ன்ஷிப்புகள் அனைத்துக்கும் ஊதியம் தரும் நிலைக்கு வந்தது; உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் அதில் அடக்கம். சும்மா உழைக்கச் சொன்னால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மட்டுமே வர முடியும் என்ற எளிய உண்மை அங்கும் இங்கும் ஒன்றே. நம் ஊரில் கோடை விடுமுறையில் ஜவுளிக்கடையிலும் மெக்கானிக் கடையிலும் வேலைக்குப் போய்ப் புத்தகச் செலவுக்குச் சேர்க்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் படித்தொகை இல்லாத பயிற்சி எட்டாக்கனி. ஸ்தபதிக்கும் தர வேண்டும். சொல்லிக்கொடுக்கிற ஒவ்வொரு மணியும் அவருக்குக் கூலி போன மணி. அந்தச் செலவை அரசு ஏற்றுக்கொண்டால்தான் பிள்ளை என்ன செய்தது என்று கேட்கிற உரிமையும் அரசுக்கு வரும். உலைக்கும் உலோக வார்ப்புக்கும் பக்கத்தில் பதினெட்டு நிரம்பாத எவரும் போகக் கூடாது. மெழுகு, ஓலை, கோட்டோவியம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மூன்றாவது ஆட்சேபம் பெற்றோருடையது: படம் வரைந்தால் சோறு போடுமா? அனிமேஷன், துணி வடிவமைப்பு, கட்டடக்கலை என்று பட்டியல் போட்டு அவர்களைச் சமாதானப்படுத்துவது வழக்கம். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. கலையை நம்பிப் பிழைப்பது கடினம் என்பது உண்மை, அதைப் பிள்ளையிடம் மறைக்கக் கூடாது. மறைக்காமல் சொல்ல ஸ்தபதியைவிடத் தகுதியானவர் யார்? ஆர்டர் எப்போது வருகிறது, முன்பணம் எவ்வளவு, செம்பு விலை ஏறினால் யார் தலையில் விழுகிறது என்பதையெல்லாம் பிள்ளை அங்கே காதாரக் கேட்கும். இது எனக்குச் சரிவராது என்று மூன்று வாரத்தில் தெரிந்துகொள்வது, நான்கு ஆண்டு பி.எஃப்.ஏ. படித்தபின் தெரிந்துகொள்வதைவிட மலிவு. திரும்பி வந்து வங்கி வேலைக்குப் போகிற பிள்ளையும் நஷ்டப்படவில்லை. கையால் செய்த பொருளுக்கு அந்த விலை ஏன் என்று தெரிந்து வாங்குகிறவர்கள் இல்லாமல் எந்தக் கைத்தொழிலும் நிற்காது.

மூன்று வாரத்தில் என்ன கற்றுவிட முடியும், வருடக்கணக்கில் உட்கார வேண்டிய தொழில் அல்லவா என்று ஸ்தபதிகளே கேட்கலாம். ஒன்றும் கற்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் சான்றிதழும் மதிப்பெண்ணும் வேண்டாம் என்கிறேன். சான்றிதழ் வந்துவிட்டால் கல்லூரி விண்ணப்பத்துக்காகப் பிள்ளைகள் வருவார்கள். பத்தே நாளில் சிற்பி என்று விளம்பரம் போட ஆளும் வருவார்கள். கடைசி நாளில் பிள்ளை தான் பிடித்த மெழுகு உருவத்தை ஓலையோடு வைத்து, எங்கே பிசகியது என்று தானே காட்டினால் போதும். கும்பகோணத்தில் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது, சுவாமிமலை அங்கிருந்து கூப்பிடு தூரம். முதல் கோடையில் அந்த வட்டாரப் பள்ளிகளிலிருந்து முப்பது பிள்ளைகளை எடுத்து, சிற்ப வேலை செய்யாத வீடுகளிலிருந்து மட்டும் எடுத்துத் தொடங்கிப் பார்க்க ஒரு மாவட்ட நிர்வாகம் மனம் வைத்தால் போதும்.