பெயர்ச்சீட்டும் தேய்மானமும்

ஒரு வயலின் உண்மையிலேயே பழையதா என்று பார்க்கிறவர்கள் முதலில் அதன் எஃப் வடிவத் துளைக்குள் எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே ஒட்டிய காகிதத்தில் பெரும்பாலும் ஒரே பெயர்தான் இருக்கும்: ஸ்ட்ராடிவாரி. இத்தாலியின் கிரெமோனா நகரில் வாழ்ந்து 1737இல் இறந்தவர். அவர் பெயரைச் சுமந்து உலகெங்கும் வீட்டுப் பரண்களில் கிடக்கும் வயலின்களில் மிகப் பெரும்பாலானவை, அவர் இறந்து நூறு, நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து ஜெர்மனி, பிரான்சு, பொஹீமியா ஊர்களில் செய்யப்பட்டவை. ஒரு வீட்டார் கழுத்தைச் செதுக்குவார்கள், இன்னொரு வீட்டார் உடலைச் செய்வார்கள். வேலை பலருடையது, பெயர் ஒருவருடையது. அதனால்தான், கருவியின் வயதைச் சொல்லும் சாட்சிகளில் பெயர்ச்சீட்டை நிபுணர்கள் கடைசியில் வைக்கிறார்கள்.

அவர்கள் மரத்தைப் பார்க்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டு வயலின் என்றால், பிற்காலத்தில் கழுத்தை நீளமாக மாற்றியபோது தலைச்சுருளை வெட்டி ஒட்டிய கோடு பெரும்பாலும் தெரியும். கை பட்ட இடத்தில் வார்னிஷ் தேய்ந்திருக்கும். ஆனால் தேய்மானத்தையும் பொய்யாக உண்டாக்கலாம், உண்டாக்கியிருக்கிறார்கள். மேல்பலகையின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்தால், மரம் குறைந்தது எந்த ஆண்டுவரை உயிரோடு இருந்தது என்பதாவது தெரியும். ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள ‘மெசையா’ என்ற ஸ்ட்ராடிவாரி வயலின் போலியோ என்ற சந்தேகம் 1990களின் இறுதியில் எழுந்தபோது இதைத்தான் செய்தார்கள். கடைசி வளையம் 1680களைச் சேர்ந்தது என்று தெரிந்தது. வயலினில் உள்ள ஆண்டு 1716. வளையம் அந்த ஆண்டோடு முரண்படவில்லை. அவ்வளவுதான் அது சொல்லும். செய்த கை யாருடையது என்று மரம் சொல்லாது.

தமிழ் படித்தவளுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. சங்கப் பாடல்களும் பெயர்ச்சீட்டோடுதான் நம்மிடம் வந்திருக்கின்றன. பெயர் தெரியாதபோது பாடலிலுள்ள தொடரையே பெயராக்கினார்கள். செம்புலப்பெயனீரார் அப்படிக் கிடைத்த பெயர். ஔவையார் என்ற ஒரே சீட்டின் கீழ் வெவ்வேறு காலத்துப் பெண்கள் நிற்கிறார்கள். சங்கப் பெண்பாற் புலவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு ஆய்வாளருக்கு ஆய்வாளர் மாறுகிறது. ஒரு பெயரை அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டுமானால் ஆதாரம் வேண்டும். சேர்க்காமல் விட்டால், எந்த ஆதாரமும் இல்லாமலே அந்தப் புலவர் ஆணாகிவிடுகிறார். செம்புலப்பெயனீரார் ஆணா பெண்ணா என்பதற்கு அந்தப் பெயரில் தடயமே இல்லை. பாடலில் பேசுவது தலைவன். எழுதியது யார் என்பதை அது நிரூபிக்காது. ஆனாலும் வகுப்பில் நாம் தயங்காமல் ‘அவர் பாடினான் என்ற தொனியில்’ பாடம் நடத்துகிறோம்.

சந்தேகப்படுவது அறிவின் கடமை. ஆனால் சந்தேகம் எப்போதும் ஒரு பக்கமே பாய்ந்தால் அது அறிவு அல்ல, வழக்கம்.

மத்திகிரியில் ஒரு மாணவியின் வீட்டில் பரணிலிருந்து இறக்கிய வயலினைப் பார்த்தேன். சீட்டில் ஸ்ட்ராடிவாரி, 1721. “ஒரிஜினலா மேடம்?” என்று கேட்டாள். சீட்டின் அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஜெர்மனி என்று இருந்தது. அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்துக்குப் பிறகு, ஏற்றுமதிப் பொருள்களில் நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் அச்சிடும் பழக்கம் பரவியது. அதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பில்லை என்றேன். வீடே சோர்ந்துவிட்டது. அப்போது பாட்டி சொன்னார்: “எங்க அத்தை வாசிச்சதும்மா. கல்யாணத்துக்கு அப்புறம் தொடல.”

நம் ஊரில் தரையில் அமர்ந்து, தலைச்சுருளைக் காலில் ஊன்றி வாசிப்பார்கள். அந்தச் சுருளின் ஓரம் மழுங்கியிருந்தது. அது அந்த அத்தையின் கால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். வேறு யாருடையதாகவும் இருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் அதுவரை யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை. ‘யார் செய்தது’ என்ற கேள்விக்கு விலை உண்டு. ‘யார் வாசித்தது, ஏன் நிறுத்தினாள்’ என்ற கேள்விக்குச் சந்தையில் விலை இல்லை.

இங்கே எதிர்ப்பக்கத்து ஆசையையும் சொல்லியாக வேண்டும். கிரெமோனாவின் இன்னொரு மேதை குவார்னேரி. அவருடைய மனைவி கத்தரீனாவும் பட்டறையில் வேலை செய்தார் என்றொரு கருத்து உண்டு. உறுதியான சான்று இல்லை. கேட்டதும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதனாலேயே கூடுதல் கவனம் வேண்டும் என்று நினைக்கிறேன். பிடித்த பெயரை ஒட்டிக்கொள்வதென்றால், போலிச் சீட்டு அச்சடித்த வியாபாரிக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? தெரியாத இடத்தில் பெண் பெயரை எழுத வேண்டியதில்லை. ஆண் பெயரை அழித்து ‘தெரியாது’ என்று எழுதினால் போதும். அந்தச் சொல்லுக்குள் ஒரு பெண் இருப்பதற்கு இடம் உண்டு.

பெயருக்குத் தரும் மதிப்பு காதுக்கும் பொருந்துமா? 2010இல் கிளாடியா ஃபிரிட்ஸ் என்ற ஒலியியலாளரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் 21 வயலின் கலைஞர்களின் கண்களை மறைத்து, ஸ்ட்ராடிவாரி உள்ளிட்ட மூன்று பழைய வயலின்களையும் மூன்று புதியவற்றையும் வாசிக்கச் செய்தார்கள். பெரும்பாலோர் விரும்பியது புதியதை. எது பழையது என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. பெயர் தெரியாதபோது மரமும் நரம்பும் மட்டுமே பேசின. இங்கேயோ மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது ஒரு பெண் வயலின் கலைஞருக்கு, ஏ. கன்யாகுமாரிக்கு, முதன்முறையாகக் கிடைத்தது 2016இல். அவருக்கு முன் வாசித்த பெண்களின் விரல்களில் சுரம் இல்லாமலா போயிற்று?

மத்திகிரி கூட்டுரோட்டில் விடியுமுன் கம்பெனி பஸ்களில் ஏறும் இளம்பெண்களைப் பார்க்கிறேன். அவர்கள் பூட்டும் நுண்ணிய பாகங்கள் எந்தெந்த நாட்டுக்கோ போகும். நூறாண்டுக்குப் பிறகு யாராவது அவற்றைப் பழம்பொருளாக எடுத்துப் பார்த்தால், மேலே ஒரு பெயர் இருக்கும். அதைப் படித்ததோடு அவர்கள் நிறுத்தாமல் இருக்க வேண்டும் என்றால், நம் கையில் இருக்கும் பழையவற்றை நாம் இன்று அப்படிப் பார்க்கப் பழக வேண்டும்.