கொட்டாங்குச்சி யாருடைய பொருள்?

ராசிபுரம் பக்கம் எங்கள் வளவுப் பிள்ளைகளோடு சேர்ந்து, அம்பேத்கர் பிறந்த நாளுக்குச் சமுதாயக்கூடத்தில் ஒரு கண்காட்சி வைத்தோம். அருங்காட்சியகப் படிப்பு படித்தவர் எங்களில் யாருமில்லை. வீடுவீடாகப் பொருள் சேர்ப்பது, கொடுத்தவர் பெயரை நோட்டில் எழுதுவது, எதற்குப் பக்கத்தில் எதை வைப்பது, அட்டையில் என்ன எழுதுவது எல்லாம் செய்துதான் கற்றுக்கொண்டோம்.

தோல் அறுக்கும் உளி வந்தது. குத்தூசி வந்தது. கவலை இறைத்த காலத்துத் தோல் தும்பி ஒன்று பரணிலிருந்து வந்தது. டீக்கடைக் கூரையில் செருகியிருந்த கொட்டாங்குச்சி மட்டும் யாரிடமும் இல்லை. அதை யார் பத்திரப்படுத்துவார்கள்? பையன்கள் புதிதாக ஒன்றைத் தேய்த்துக் கொண்டுவந்தார்கள். மாதிரி என்றே குறித்துவிட்டு, ‘தலித்துகள் டீ குடித்த கொட்டாங்குச்சி’ என்று அட்டை எழுதினேன்.

தும்பி கொடுத்த அம்மாயி முந்தின நாள் சாயங்காலம் வந்து, அட்டையைப் படிக்கச் சொல்லிக் கேட்டது.

“இது ஏங் கண்ணு எங்க பேர்ல இருக்குது? நாங்களா கேட்டு வாங்குனோம்? ஊத்துனவன் பேர எழுதலியே. எடுத்துப் போடு.”

பையன்களுக்குக் கோபம். எடுத்துவிட்டால், ‘அப்படியெல்லாம் எங்க ஊர்ல நடக்கவே இல்லீங்க’ என்பவர்களுக்கு வசதியாகப் போய்விடும் என்றார்கள். அதுவும் நியாயந்தான். உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதற்காக, அவமானப்பட்டவரை இன்னொரு முறை கூட்டத்தின் முன்னால் நிறுத்தலாமா? அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

நம்மைக் காட்சிக்கு வைப்பது புதிதில்லை. 1851இல் தொடங்கிய சென்னை அருங்காட்சியகத்துக்கு 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். சாதி சாதியாக மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளந்து எழுதினார். 1909இல் தென்னிந்தியச் சாதிகள் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அளந்தவனை யாரும் அளக்கவில்லை. என் அட்டையிலும் அதே பார்வைதான் இருந்தது. குடித்தவனைக் காட்டி, ஊற்றியவனை மறைத்துவிட்டேன்.

அமெரிக்காவின் பால்டிமோரில், 1992இல் பிரெட் வில்சன் என்ற கறுப்பினக் கலைஞர் மேரிலாண்ட் வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பிலிருந்தே ஒரு கண்காட்சி அமைத்தார். சீமான் வீட்டு வேலைப்பாடுள்ள வெள்ளிப் பாத்திரங்களுக்கு நடுவில் அடிமை விலங்கை வைத்தார். எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘உலோக வேலை 1793–1880’ என்று ஒரே தலைப்பு. பார்க்கிறவனுக்கு விலங்கு பூட்டியவன் வீடு தெரிந்துவிடும்.

காலையில் அட்டையை மாற்றினேன்: ‘சாதி இந்துக்களின் டீக்கடையில் தலித்துகளுக்கு டீ ஊற்றிய கொட்டாங்குச்சி. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்த பிறகும் ஊற்றினார்கள்.’ பக்கத்தில், மற்றவர்களுக்குக் கொடுத்த கண்ணாடி டம்ளர் ஒன்று. அம்மாயியிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“சரி, வெய்யி. ஆனா வாசல்ல என்ற மாமனார் தெச்ச தும்பிய வெய்யி. மொதல்ல அதப் பாத்துட்டு உள்ள போகட்டும்.”

மாடு இறங்க, சால் மேலே வர, தும்பி வழியாகத்தான் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். செத்த மாட்டுத் தோல் வழியாக வந்த அந்தத் தண்ணீரில்தான் ஊர்க் காடெல்லாம் விளைந்தது. அதில் தீட்டு இல்லை. அந்தத் தோலைத் தைத்த கைக்கு மட்டும் டம்ளர் கிடையாது.

இரண்டு நாளும் அம்மாயி வாசலில் உட்கார்ந்து, தும்பி எப்படித் தைப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. கொட்டாங்குச்சி இருந்த பக்கம் போகவே இல்லை. நானும் கூப்பிடவில்லை. அம்மாயி சரி என்றதால் வளவே சரி சொன்னதாகவும் நான் எடுத்துக்கொள்ளவில்லை.

கண்காட்சி வைக்க நினைக்கும் தோழர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். பொருள் கொடுத்தவரிடம் அட்டையைப் படித்துக் காட்டிவிட்டு ஒட்டுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள்.