ஊரவர் என்போர் யாவர்?

எல்லாம் வல்ல விநாயகப் பெருமானின் திருவடிகளைப் பணிந்து, இவ்வாண்டு மலரிலே அடியார்கள் முன் ஒரு வினாவை வைக்க விழைகின்றேன். ஓர் ஊரிலே ஒருவருக்கு உரிமை எதனால் வருகின்றது? பிறப்பினாலா, பொருளினாலா, தொண்டினாலா?

அடியேன் கரவெட்டியிலே பிறந்தவன். எனினும் அரசாங்க எழுதுவினைஞராக வவுனியா, திருகோணமலை, கொழும்பு என முப்பத்தைந்து வருடங்கள் வெளியிடங்களிலே கழிந்தன. இளைப்பாறி ஊர் திரும்பியபோது அயலிலுள்ள பிள்ளைகளில் யார் எவருடைய பிள்ளை என்பதுகூட எனக்குத் தெரியாது. நெல்லியடிச் சந்தையிலும் நான் புதியவனே. அப்படியிருந்தும் ஓராண்டு செல்லுமுன் ஆலய பரிபாலன சபையில் எனக்கு இடம் கிடைத்தது. என் தகப்பனாரின் பெயரே அதற்குக் காரணம்.

முதற் கூட்டத்திலேயே, கந்தோரிற் செய்வதுபோல எல்லாவற்றையும் கோவைப்படுத்த வேண்டுமென்று நீண்ட பிரசங்கம் செய்தேன். முதியவர் ஒருவர், "தம்பி, முதலிலை கொஞ்ச நாள் வீதியைக் கூட்டிப் பாருங்கோ, பிறகு கதைப்பம்" என்றார். அன்று மனம் நொந்தது. மறுநாள் விடியற்காலை விளக்குமாற்றுடன் சென்றேன். எனக்கு முன்னரே ஒருவர் அங்கே கூட்டிக்கொண்டு நின்றார்.

அவர் 1990ஆம் ஆண்டு யுத்தத்தினால் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். ஆலயக் கிணற்று நீர் எம்மாதத்தில் வற்றும், தேர் வடம் எங்கே நைந்திருக்கின்றது என்பனவெல்லாம் அவருக்குத் தெரியும். அவருடைய மனைவியார் பூமாலை கட்டுவார். 2009இல் யுத்தம் முடிந்த பின்னர் அப்பகுதிக் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது, தமது வளவைப் போய்ப் பார்த்து வந்தார். அங்கே அத்திவாரமும் பற்றையுமே எஞ்சியிருந்தன. பிள்ளைகள் படித்ததும் மணமுடித்ததும் இங்கேயாதலால் இங்கேயே தங்கிவிட்டார். ஒருமுறை அவருக்காக விண்ணப்பப் படிவம் ஒன்றை நிரப்பினேன். "நிரந்தர முகவரி எது?" என்று கேட்டபோது, நெடுநேரம் பேசாதிருந்தார்.

சென்ற ஆண்டு அவர் மகோற்சவத்தில் ஒரு திருவிழா உபயத்திற் சிறு பங்கு கேட்டார். "வந்தான் வரத்தானுக்குத் திருவிழாவோ?" என்று ஒரு குரல் எழுந்தது. எவரும் மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. மறுநாட் காலையும் அவர் வழமைபோல வீதி கூட்டினார். நான் அவர் முகத்தைப் பார்க்க இயலாது நின்றேன்.

பரம்பரை உபயகாரரின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. அவர்தம் முன்னோர் காணி கொடுத்தார்கள். ஷெல் விழுந்த காலத்திலும் விளக்கு அணையாது காத்தார்கள். அவர்களுடைய முறை அழியலாகாது. ஆயினும் பிறப்புத்தான் உரிமைக்கு ஆதாரமென்றால், அதனை நாம் என்றேனும் நேர்மையாகக் கடைப்பிடித்தோமா? இம்மண்ணிலேயே தலைமுறை தலைமுறையாகப் பிறந்தவர்களைச் சாதியின் பெயரால் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பின்னரும், 1968இல் மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. பிறந்தவனுக்குப் பிறப்புப் போதாது என்றோம். வந்தவனுக்குத் தொண்டு போதாது என்கின்றோம். இது என்ன நீதி?

திருவாமூரிலே அவதரித்த அப்பர் சுவாமிகள் உழவாரப் படையுடன் தலந்தோறும் சென்று புல் செதுக்கினார். சென்ற தலமெல்லாம் அவருக்குச் சொந்தத் தலமாயிற்று. அவர் கையிலிருந்த கருவியே அவருடைய உறுதிப்பத்திரம்.

புதிதாக வருபவருக்கும் கடமையுண்டு. ஊரின் முறைகளை அறியுமுன் அதிகாரம் செய்யப் புறப்படுதல் தவறு. அத்தவறைச் செய்தவன் நான். ஆனால் என் தவறு மன்னிக்கப்பட்டது. எனக்குக் கதிரையும் தரப்பட்டது. தவறொன்றும் செய்யாதவர் இன்னும் வெளியே நிற்கின்றார்.

ஆகவே, வருகின்ற பொதுக்கூட்டத்திலே ஒரு பிரேரணையைக் கொண்டுவர எண்ணியுள்ளேன். பரம்பரை உபயங்கள் அவ்வாறே இருக்க, ஒரு திருவிழாவைத் தொண்டர் உபயமாக்கி, வீதி கூட்டுவோர், மாலை கட்டுவோர், மடைப்பள்ளியிற் பணிசெய்வோர் அனைவரும், எவ்வூரிற் பிறந்தவராயினும், கூடிச் செய்ய வழிவிடுவோம். அதற்கு இடமில்லையெனில் என் குடும்பத்துப் பங்கிலே அவரைச் சேர்த்துக்கொள்வேன்.

சென்ற ஆண்டு பேசாதிருந்த வாயை இவ்வாண்டு பேச வைக்க எம்பெருமான் திருவருள் பாலிப்பாராக.