சுரண்டிய வர்ணம் யாருடைய பொறுப்பு?

 

பெருநாள் நெருங்கினால் கடைக்கு வர்ணம் பூசுவது நம்மவர் வழக்கம். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் எஞ்சி நிற்கும் பழைய கடைவீடுகளில் இப்போது வேறோர் ஆசையும் பிறந்திருக்கிறது. கதவு, ஜன்னல், படிக்கட்டுக் கைப்பிடி ஆகியவற்றில் அடுக்கடுக்காக ஏறிய வர்ணத்தைச் சுரண்டி எடுத்து, மரத்தின் இயற்கை நிறத்தை வெளிக்கொணர்ந்து மெருகேற்ற விரும்புகிறோம். நல்ல ஆசைதான். ஆனால் கதவை விட்டு நீங்கிய வர்ணம் எங்கே போகிறது என்பதை யோசித்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

பழைய நாளில் எண்ணெய் வர்ணத்தில் காரீயம் கலப்பார்கள். நெடுநாள் உழைக்கும், சீக்கிரம் உலரும் என்பதே காரணம். அது நஞ்சு என்பது புதுச் செய்தியன்று. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் குழந்தைகளைத் தாக்கிய நோய்க்குத் தாழ்வாரக் கம்பிகளின் வர்ணத் தூளே மூலம் என்று 1904-ல் கிப்சன் என்ற மருத்துவர் எடுத்துக் காட்டினார். 1921-ல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் வர்ண வேலையில் ஈயத்தைக் கட்டுப்படுத்த உடன்படிக்கை செய்தது. வீட்டு வர்ணத்தில் அதை அமெரிக்கா தடுத்தது 1978-ல். இந்தியா கடும் வரம்பு விதித்தது 2016-ல். இந்த அளவுக்குள் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிறு குழந்தையின் மூளையையே அது முதலில் கெடுக்கிறது.

"கதவு என்னுடையது, காசும் என்னுடையது, கேட்பவர் யார்?" என்று ஒருவர் சொல்லலாம். கதவு அவருடையதுதான், காற்று அவருடையதன்று. 1822-ல் ராபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த விதிப்படி கடை முன்னே மூடிய நடைபாதை பொதுவழியாயிற்று. நம் ஊர் அஞ்சடியும் அந்த வழக்கமே. அங்கே பள்ளிப் பிள்ளை நடக்கிறது. பக்கத்துக் கடைக்காரர் ரொட்டி சானாய்க்கு மாவு பிசைகிறார். வழியில் கிடக்கும் முள்ளை அகற்றுவதையும் ஈமானோடு சேர்த்து எண்ணப் பழகிய நாம், அதே வழியில் நஞ்சைத் தூவலாமா?

"வேலையாள் கூலி வாங்குகிறானே" என்பது அடுத்த வாதம். கூலி அவனுடைய உழைப்புக்கு விலை, நுரையீரலுக்கு விலையன்று. ஆபத்தை அறியாமல் அவன் தந்த சம்மதம் சம்மதமாகாது. நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் கண்டு, வியாபாரியைக் கண்டித்த செய்தியை நாம் மதரஸாவில் படித்திருக்கிறோம். குறையை மறைத்துச் சரக்கை விற்பது கூடாதென்றால், குறையை மறைத்து வேலையை ஒப்படைப்பது மட்டும் எப்படிக் கூடும்?

ஆகவே சோதித்துப் பார்க்காத பழைய வர்ணம் எதையும் காரீயம் உள்ளதாகவே கொள்வோம். வர்ணம் உதிராமல் உறுதியாக இருந்தால் சுரண்டாமல் அதன்மேலேயே பூசிவிடுவது மேல். எடுத்தே தீர வேண்டுமானால் கதவைக் கழற்றி, கனத்த பிளாஸ்டிக் விரிப்பின்மேல் கிடத்தி, தண்ணீர் தெளித்து ஈரமாகவே சுரண்ட வேண்டும். உலர்ந்த மரத்தில் உப்புத்தாள் தேய்ப்பதும், நெருப்பால் வர்ணத்தைச் சுடுவதும் ஆகாது. கைக்குட்டை முகமூடியாகாது, 'பி 100' தரத்து முகமூடி வேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அங்கே நிற்கலாகாது. வேலை முடிந்ததும் ஈரத்துணியால் தரையைத் துடைத்து, தூளைத் தடித்த பையில் கட்டி, அப்புறப்படுத்தும் முறையை நகராண்மைக் கழகத்திடம் கேட்டறிய வேண்டும். அதைச் சாக்கடையில் கொட்டலாகாது. வேலை உடுப்பைத் தனியே துவைக்க வேண்டும். இல்லையேல் தூள் அவன் பிள்ளையின் படுக்கைக்கும் போகும்.

வர்ணத்தைக் கரைக்கும் மருந்திலும் ஜாக்கிரதை தேவை. மெதிலீன் குளோரைடு கலந்தது உடலுக்குள் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவாக மாறி, அடைத்த அறையில் ஆளையே கொன்றிருக்கிறது. மெருகேற்றிய பின் ஆளிவிதை எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பற்றும். விரித்து உலர்த்த வேண்டும்.

இதனால் இரண்டொரு நாள் கூடும், செலவும் கூடும். அந்தச் செலவை நாம் ஏற்காவிட்டால் அது மறைந்துவிடாது. வேலையாளும் அண்டை வீட்டுப் பிள்ளையும் தம் உடலால் அதைச் செலுத்துவார்கள். நம் கணக்குப் புத்தகத்தில் ஏறாத அந்தக் கடன் மறுமையில் நம் பெயரில்தான் நிற்கும். வர்ணத்தின்மேல் வர்ணம் பூசி மூடுவதில் குற்றமில்லை. ஆனால் கடையை மற்றவருக்குக் கைமாற்றும்போது, அடியில் இருப்பதைச் சொல்லாமல் விடுவது மோசடி.

பிறர் ஹக்கைப் பேணி வாழும் நல்லறிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.