கியர்ப்பெட்டி மூடியும் மனச்சாட்சியும்



நீதி சாஸ்திரம் என்றால் கொலை, கொள்ளை, பொய்ச்சாட்சி போன்ற பெரிய பாதகங்களைப் பற்றியது என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். ஆனால் மனச்சாட்சிக்கு வருகிற சோதனைகளில் பெரும்பாலானவை சிறியவை. அவை வீட்டு முற்றத்திலும், கடைப் பலகையிலும், தறிக் கொட்டகையிலும் வருபவை. ஆகையால் இவ்வாரம் மிகச் சாதாரணமான ஒரு காரியத்தை எடுத்துக்கொண்டு, அதில் நீதி எங்கே ஒளிந்திருக்கிறது என்று நிதானமாக யோசிப்போம். அந்தக் காரியம், பழைய மோட்டார் காரொன்றின் கியர்ப்பெட்டி மூடியை வீட்டிலேயே மாற்றுவதாகும்.

முதலில் காரைப் பற்றி இரண்டு வார்த்தை. 1961-ம் ஆண்டு முதல் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியார் "ஸ்டாண்டர்டு ஹெரால்டு" என்னும் காரைச் செய்து விற்றார்கள். இங்கிலாந்தில் 1959-ல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டின் இந்தியப் பிறப்பு அது. அதன் அடிச்சட்டத்தைக் குறுக்கி, இருவர் மட்டும் அமரும் வேகக் காராக இங்கிலாந்தில் 1962-ல் வெளியிட்டதுதான் டிரையம்ப் ஸ்பிட்பயர். இவ்விரண்டுக்கும் வடிவம் வரைந்தவர் இத்தாலியரான மிக்கலோட்டி. அக்காளும் தங்கையும் போன்ற இந்தக் கார்களைப் பிள்ளையைப்போல் பேணி வருகிறவர்கள் நம் நாட்டில் இன்றும் உண்டு. கம்பெனி மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டபடியால், உதிரிப் பாகங்களுக்கு அவர்கள் வெளிநாட்டுக்கு எழுத வேண்டும். அல்லது தாங்களே செய்துகொள்ள வேண்டும்.

இந்தக் கார்களில் ஒரு விசேஷம் உண்டு. கியர்ப்பெட்டியைக் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு இறக்குவதில்லை. காருக்குள்ளிருந்தே மேலாக எடுக்கிறார்கள். ஓட்டுகிறவர் காலுக்கும் பக்கத்தில் இருப்பவர் காலுக்கும் நடுவே மேடுபோல் தெரிகிறதே, அதுதான் மூடி. இரும்புத் தகட்டினால் அல்லாமல், அழுத்திச் செய்த நார் அட்டையினால் இந்த மூடியைச் செய்திருக்கும் வண்டிகள் பல. ஐம்பது அறுபது வருஷத்து மழையும், ஒழுகிய எண்ணெயும், எஞ்சின் சூடும் பட்டு அந்த அட்டை ஊறி, உப்பி, பிளந்துவிடுகிறது.

மாற்றும் வேலை கடினமானதன்று. ஆனால் பொறுமை வேண்டும். முதலில் பாட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். பிறகு முன் இருக்கைகளையும் கம்பளத்தையும் எடுத்து, கியர்க் கம்பியின் தலையிலுள்ள குமிழைத் திருகி எடுக்க வேண்டும். மூடியைச் சுற்றியுள்ள திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். அவற்றில் சில துருப்பிடித்து உடையும். பழைய மூடியைத் தூக்கியபின் தரைத் தகட்டைச் சுரண்டித் துடைத்து, துருப்பிடித்த இடத்தைச் சரிசெய்ய வேண்டும். புதிய மூடி கண்ணாடி நாரினால் ஆனதாயினும், பிளாஸ்டிக்கினால் ஆனதாயினும், ஒருமுறை வெறுமனே பொருத்திப் பார்த்து, துளைகள் ஒத்து வருகின்றனவா என்று கண்டு, அதற்குப் பிறகே விளிம்பெங்கும் ரப்பர் பட்டையோ பசையோ வைத்து இறுக்க வேண்டும். கடைசியில் கம்பளத்தை விரித்துவிட்டால், செய்த வேலை முழுவதும் கண்ணுக்கு மறைந்துபோகும். இங்கேதான் நம் விசாரணை தொடங்குகிறது.

ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். ஒருவரிடம் இப்படிப்பட்ட பழைய கார் இருக்கிறது என்று வையுங்கள். மூடி பிளந்திருப்பதை அவர் கண்டார். புதியது வருவிக்கப் பணமும் நாளும் ஆகும். ஆகையால் பிளவின்மேல் தகரத் துண்டு ஒன்றை வைத்துத் திருகி, தார் பூசி, மேலே அழகான புதுக் கம்பளத்தை விரித்துவிட்டார். அடுத்த மாதம் காரை விற்கிறார். வாங்க வந்தவர் கம்பளத்தைப் பார்த்து மகிழ்ந்தார். கீழே என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. ஒரு பொய்யும் பேசப்படவில்லை. இவர் நீதிக்கு விரோதமாக நடந்தாரா?

"இது ஒரு பிரமாதமா? சிறு அட்டைதானே!" என்று நீங்கள் கேட்கலாம். பொருளின் விலையைக்கொண்டு குற்றத்தை அளக்கலாகாது. அது செய்யும் வேலையைக்கொண்டு அளக்க வேண்டும். அந்த மூடியே பயணிகளுக்கும் எஞ்சின் அறைக்கும் நடுவிலுள்ள சுவர். எஞ்சினிலிருந்து இறங்கும் புகைக்குழாய் கியர்ப்பெட்டியின் பக்கமாகவே பின்னோக்கிச் செல்கிறது. அந்தக் குழாயில் ஒரு பொத்தல் விழுந்து, மூடியிலும் சந்து இருந்தால், புகை நேரே காருக்குள் வரும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் விஷ வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டுத் தூங்கும் குழந்தைக்கு அது வருவதே தெரியாது. ஆகவே கம்பளத்தின் கீழே இருப்பது வெறும் அட்டையன்று. ஒருவருடைய உயிருக்குக் காவல்.

இந்தக் கேள்வி இன்று நேற்று எழுந்ததன்று. கி.மு. 44-ல் ரோமாபுரியின் சிசரோ கடமைகளைப் பற்றி எழுதிய நூலில், குறையுள்ள வீட்டை விற்கிறவன் அந்தக் குறையைச் சொல்ல வேண்டுமா என்று கேட்டு, இரண்டு ஞானிகளை எதிரெதிரே நிறுத்தினார். சட்டம் கேட்கும் அளவுக்குச் சொன்னால் போதும் என்பது டயோஜெனிஸ் என்பவரின் கட்சி. வாங்குகிறவன் அறியாதது எதுவும் மிஞ்சலாகாது என்பது அந்திப்பாத்தரின் கட்சி. சிசரோ தீர்ப்புச் சொல்லும்போது ஒரு நுட்பமான வேற்றுமையைக் காட்டினார். மௌனமெல்லாம் மறைத்தலன்று. ஆனால் நமக்குத் தெரிந்ததை, அறிந்துகொண்டால் நன்மையடையக்கூடிய ஒருவன் அறியாமலிருக்கட்டும் என்று நம் லாபத்துக்காக விரும்பினால், அந்த மௌனம் மறைத்தலே.

13-ம் நூற்றாண்டில் அர்ச். தோமாஸ் அக்வினாஸ் இதே கேள்வியை எடுத்து, இன்னும் தெளிவாகப் பிரித்துக்காட்டினார். குறை வெளியே தெரிவதாயிருந்து, விற்கிறவன் அதற்குத் தக்கபடி விலையையும் குறைத்திருந்தால், அதைக் கூவிச் சொல்ல வேண்டிய கடமையில்லை. ஒரு கண் இல்லாத குதிரையை அவர் உதாரணமாகக் கூறுகிறார்; பார்த்தாலே தெரிகிறதல்லவா! ஆனால் குறை மறைவானதாயிருந்து, அதனால் வாங்குகிறவனுக்கு நஷ்டமோ ஆபத்தோ வருமானால், சொல்லியே தீரவேண்டும். நொண்டிக் குதிரையை வேகக் குதிரையென்றும், இடியப்போகும் வீட்டை உறுதியான வீடென்றும், கெட்ட உணவை நல்லதென்றும் கொடுப்பவன் அநியாயம் செய்கிறான் என்கிறார்.

இந்த அளவுகோலை நம் வழக்குக்கு வைத்துப் பாருங்கள். காரின் கதவில் உள்ள கீறலை விற்கிறவர் சொல்ல வேண்டியதில்லை. அது தானே பேசும். இருக்கைத் துணி கிழிந்திருப்பதையும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கம்பளத்தின் கீழுள்ள பிளவு மறைந்தது, ஆபத்தானது. அதை மறைத்ததும் அவர் கையே. ஆகையால் அவர் சொல்லக் கடமைப்பட்டவர். சொல்லாமல் விற்றிருந்தால் இப்போதாவது தெரிவித்து, நஷ்டத்தை ஈடுசெய்யக் கடமைப்பட்டவர். பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டால் போதும், பணத்தைத் திருப்ப வேண்டியதில்லை என்று யாரும் எண்ணலாகாது.

இங்கே படித்தவர் ஒருவர் எழுந்து, "சட்டம் அப்படிச் சொல்லவில்லையே" என்று ஆட்சேபிக்கலாம். அவர் சொல்வதில் உண்மையுண்டு. நம் நாட்டில் வழங்கும் 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 17-ம் பிரிவும் ஒரு குதிரையைத்தான் உதாரணமாகச் சொல்கிறது. குதிரைக்கு நோய் உண்டென்று அறிந்த ஒருவன், அதைப்பற்றி ஒன்றும் பேசாமல் ஏலத்தில் விற்றால், அந்த மௌனம் மட்டும் மோசடியாகாது என்கிறது சட்டம். ஆனால் அதோடு அது நிற்கவில்லை. "நீர் மறுக்காவிட்டால் குதிரை நன்றாயிருப்பதாகவே எடுத்துக்கொள்வேன்" என்ற கருத்தில் வாங்குகிறவன் கேட்டிருந்தால், அப்போது மௌனமும் பேச்சுக்குச் சமம். அன்றியும், வாங்குகிறவள் அப்போதுதான் வயது வந்த அவனுடைய சொந்த மகளாயிருந்தால், குதிரையின் நோயை அவன் சொல்லியே ஆகவேண்டும்.

இந்தக் கடைசி உதாரணத்தை நன்றாக எண்ணிப்பாருங்கள். சட்டம் எல்லாரையும் கட்டுப்படுத்துவது. ஆகையால் எல்லாராலும் சுமக்கக்கூடிய குறைந்த பாரத்தையே அது சுமத்துகிறது. தகப்பன் மகளுக்குச் சொல்ல வேண்டும் என்பதோடு அது நின்றுகொள்கிறது. கிறிஸ்தவனை நோக்கி நம் வேதம் கேட்பதோ வேறு: உன் மகளுக்குச் சொல்லக் கடமைப்பட்டதை அயலான் மகளுக்கு ஏன் சொல்லாமல் விடுகிறாய்? அந்தக் காரின் பின் இருக்கையில் நாளை உட்காரப்போவதும் ஒருவர் பெற்ற பிள்ளைதானே. இதைக் கிறிஸ்தவர்கள் மட்டும் சொல்லவில்லை. நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தின் கடைசிக் குறளை வணிகருக்கென்றே ஒதுக்கிய வள்ளுவரும், பிறர் பொருளைத் தம் பொருள்போல் பேணுவதே வாணிகம் என்றார்.

வேறு சில ஆட்சேபங்களையும் பார்ப்போம்.

"பழைய கார் என்று தெரிந்துதானே வாங்குகிறான்?" ஆம். பழையது என்று தெரியும்; பிளந்தது என்று தெரியாது. பொதுவாகத் தெரிவது வேறு, குறிப்பாகத் தெரிவது வேறு.

"சொன்னால் விலை குறையுமே?" குறையட்டும். குறைகிற அந்தத் தொகை முதலிலிருந்தே நம்முடையதன்று. பிறர் அறியாமையிலிருந்து வந்த பணம் லாபமாகாது.

"பழைய மூடிக்குப் பதிலாகப் புதுவகை மூடி வைப்பதே ஒரு பொய்யல்லவா?" இந்தக் கேள்வி இப்போது முக்கியமானது. 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாகனங்கள் ஆதி வடிவம் கெடாமல் இருந்தால், அவற்றைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவுசெய்ய 2021-ல் மத்திய அரசு தனி விதி வகுத்தது, அதன்படி பதிவெண்ணில் "வி.ஏ." என்னும் எழுத்துகள் வரும். பழமைக்கு மதிப்பு கூடக் கூட, "எல்லாம் ஆதியில் வந்ததே" என்று சொல்லும் ஆசையும் கூடும். இதற்கு விடை எளிது. பழுது பார்ப்பது பொய்யன்று. நார் அட்டைக்குப் பதில் உறுதியான மூடி வைப்பது விவேகம். அதை வைத்தபின் "இது கம்பெனி வைத்தது" என்று சொல்வதே பொய்.

"வாங்குகிறவனுக்கு நீதி இல்லையா?" உண்டு, மறந்துவிடாதீர்கள். பித்தளை என்று நினைத்து ஒருவன் விற்கும் பொன்னை, பொன்னென்று அறிந்தே பித்தளை விலைக்கு வாங்குகிறவனும் அநியாயக்காரனே என்பது அதே அர்ச். தோமாஸின் போதனை. புருஷனை இழந்த ஒரு தாய், மாட்டுக் கொட்டகையில் தூசி படிந்து நிற்கும் பழைய காரின் மதிப்பை அறியாமலிருக்கலாம். அறிந்த வியாபாரி இரும்பு விலை பேசி அதை இழுத்துச் செல்வானாகில், அவன் கம்பளத்தின் கீழ் ஒளித்தவனுக்கு எவ்விதத்திலும் இளைத்தவனல்லன்.

இவ்வளவும் காரைப் பற்றிய பேச்சுத்தானா? நம் செட்டியார்பட்டியில் பழைய வேகக் கார் எத்தனை வீட்டில் இருக்கும்! ஆனால் கம்பளம் இல்லாத தொழில் உண்டா? பக்கத்துத் தளவாய்புரத்தில் இரவு அங்கி தைக்கும் சகோதரி, உள்தையலை இரண்டு முறை ஓட்ட வேண்டிய இடத்தில் ஒருமுறை ஓட்டினால், கடையில் யார் பார்ப்பார்கள்? மூன்றாம் சலவையில் அதை உடுத்துகிற ஏழைப் பெண் பார்ப்பாள். கொத்தனார் காரையைப் பூசியபின் உள்ளே கம்பி எத்தனை என்று யார் எண்ணுவார்கள்? பாலில் நீர், பஞ்சில் கழிவு, பூசிய சுவரில் வெடிப்பு, பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்லாத நோய் — எல்லாம் ஒரே கம்பளத்தின் பல நிறங்கள்.

ஆயினும் மூடுவதெல்லாம் தீமை என்று எண்ண வேண்டாம். மூடி இல்லாமல் அந்தக் காரை ஓட்டலாகாது. சத்திரப்பட்டியில் நெய்யும் கட்டுத்துணியை நினைத்துக்கொள்ளுங்கள். புண்ணைக் கழுவி மருந்திட்டபின் அதை மூடும் துணி, ஆற்றும் துணி. கழுவாத புண்ணின்மேல் அதே துணியைக் கட்டினால், அது அழுகச்செய்யும் துணி. துணியில் வேற்றுமையில்லை, அதன்கீழ் என்ன நடந்தது என்பதில்தான் வேற்றுமை. அடுத்தவன் மானத்தைக் காக்க அவன் குற்றத்தை மூடுவது அன்பு. நம் லாபத்தைக் காக்க நம் குற்றத்தை மூடுவது வஞ்சகம்.

ஆகவே குடும்பத் தலைவர்களுக்கு மூன்று யோசனைகள் சொல்கிறேன்.

1. கைவேலை செய்யும்போது, மறைந்துபோகும் பாகத்தை முதலில் செம்மையாய்ச் செய்யுங்கள். தெரியும் பாகம் தன்னைத் தானே கவனித்துக்கொள்ளும். பிள்ளைகள் பக்கத்தில் நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிறார்களானால், இதைவிட நல்ல ஞானோபதேச வகுப்பு வேறில்லை.

2. விற்கும்போது, வாங்க வந்தவர் கேட்குமுன் கம்பளத்தைத் தூக்கிக் காட்டுங்கள். செய்ததையும் செய்யாமல் விட்டதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

3. தெரியாமல் குறையுள்ள பொருளை விற்றிருந்தால் அது குற்றமன்று. ஆனால் தெரிந்த நாளிலிருந்து ஈடுசெய்யும் கடமை தொடங்குகிறது. அந்த நாளைத் தள்ளிப்போடாதீர்கள்.

இந்தச் சனிக்கிழமை இரவு ஆத்துமசோதனை செய்யும்போது, "நான் என்ன பொய் சொன்னேன்?" என்று மட்டும் கேளாமல், "நான் எதைச் சொல்லாமல் விட்டேன்? அதனால் யாருக்குச் சேதம்?" என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். விடை வந்தால், திங்கட்கிழமை காலையிலேயே அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.