கொடியில் அனுமன், லோகோவில்?

நாமக்கல் பக்கம் லாரிப் பிரியர்கள் சேர்ந்து ஒரு மன்றம் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநர்கள், பாடி கட்டும் பட்டறைக்காரர்கள், பழைய லேலண்டு காமெட்டின் முன்முகத்தைப் பார்த்தே வண்டியின் வயதைச் சொல்லிவிடும் இளவட்டங்கள் எல்லாரும் அதில் உண்டு. சந்தா எவ்வளவு என்பது பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். லோகோ என்ன என்பது அவ்வளவு சீக்கிரம் முடியாது. அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதுமே நினைவில் எழுவது, கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் 18 அடி உயரத்தில் கைகூப்பி நிற்கும் ஆஞ்சநேயர். ஆகவே, "டயருக்கு நடுவில் ஆஞ்சநேயர்" என்று யாராவது சொல்வார். மறுக்க மற்றவர்களுக்கு வாய் வராது. மறுத்தால் பக்தியில்லாதவன் என்று பேர் வந்துவிடுமோ என்ற தயக்கம். என் கட்சி நேர் எதிர். பக்தி உள்ளவன்தான் இதை முதலில் மறுக்க வேண்டும். தெய்வத்தை லோகோ ஆக்குவது வழிபாட்டின் நீட்சி போலத் தோன்றலாம். ஆனால் நம் வழிபாடு எதை ஆதாரமாகக் கொண்டு நிற்கிறதோ, அதற்கே அது ஒவ்வாதது.

இதற்குச் சான்று தேடி ஆகமம் வரை போக வேண்டியதில்லை, ஒரு லாரியைச் சுற்றி வந்தாலே போதும். முன்கண்ணாடிக்கு மேலே, நெற்றியில், குலதெய்வத்தின் பெயரும் 'துணை'யும். உள்ளே ஓட்டுநரின் கண்மட்டத்தில் சாமி படம், அதற்கு ஒரு முழம் பூ, ஒரு குட்டி பல்பு. பம்பரில் எலுமிச்சையும் மிளகாயும். பின்பக்கம் போனால் உலகமே வேறு: நாக்கைத் தொங்கவிட்ட திருஷ்டிப் பூதம், அதன் அருகே கட்டிய பழைய செருப்பு, 'சவுண்ட் ஹாரன்', முதலாளியின் பிள்ளைகள் பெயர். டயருக்குப் பின்னால் சேறு தெறிக்கும் ரப்பரில் தாமரை வரைவார்கள், கழுகு வரைவார்கள்; முருகனை வரைய மாட்டார்கள். எந்தப் புலவரும் பெயிண்டருக்கு இதைப் பாடம் நடத்தவில்லை. என்றாலும் தெய்வத்துக்கு ஓர் இடம், கண்ணேறுக்கு ஓர் இடம், வீட்டுப் பெருமைக்கு ஓர் இடம் என்று அவர் தூரிகை பிசகாமல் பிரித்து வைத்திருக்கிறது. தெய்வ வடிவம் எங்கே இருக்கிறது, அதன்முன் யார் என்ன செய்கிறார் என்பதை வைத்தே அங்கே புனிதம் அமைகிறது. காலையில் வண்டியை எடுக்குமுன் ஊதுபத்தி காட்டி, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்பவருக்கும் அந்தப் படத்துக்கும் நடுவே தினமும் ஒரு பேச்சு நடக்கிறது.

லோகோவுக்கு அப்படி ஓர் இடம் கிடையாது. கடிதத் தலைப்பில் நக அளவு, பேனரில் ஆள் உயரம், பனியனில் வியர்வையோடு, காகிதக் கோப்பையில் டீக்கறையோடு, கடைசியில் யாரோ ஒருவரின் மட்கார்டில். அதன்முன் எவரும் நின்று எதையும் வேண்டுவதில்லை. "இது நாங்கள்" என்று பிறரிடம் சொல்லிக்கொள்வதே அதன் வேலை. சிவகாசி காலண்டர் மட்டும் என்ன, அதிலும் சாமி அச்சடித்துத்தானே வருகிறார் என்று கேட்கலாம். வருகிறார், ஆனால் வருடம் முடிந்த பிறகு அந்தப் படத்தைக் குப்பையில் போட நமக்குக் கை வருவதில்லை. வெட்டிச் சட்டம் போடுகிறோம், இல்லாவிட்டால் அரசமரத்தடியில் கொண்டுபோய்ச் சாய்த்து வைக்கிறோம். எத்தனை பிரதி அச்சானாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவரும் ஒரு கும்பிடும் கிடைத்துவிடுகிறது. இதைவிடக் கூர்மையான கேள்வி ஒன்று உண்டு. மஞ்சளைப் பிடித்து அறுகம்புல் செருகினால் பிள்ளையார், பூசை முடிந்து கரைத்தால் மறுபடி மஞ்சள் என்றால், பனியனில் உள்ள அனுமனும் வெறும் மைதானே, அதில் என்ன குற்றம்? அனுமனுக்கு ஒரு குறையும் இல்லைதான். குறை நம் பக்கம் நேர்கிறது. பார்த்ததும் தானாகக் கூம்பும் கை, அதே முகத்தைக் கசங்கிய கோப்பைகளில் பார்த்துப் பார்த்துக் கூம்பாமல் இருக்கப் பழகிக்கொள்ளும்.

இந்த வாதத்தை நிஜமாகவே தடுமாற வைக்கும் சான்று மகாபாரதத்தில் இருக்கிறது. அர்ச்சுனன் தேர்க்கொடியில் இருப்பவர் அனுமன்! அதுவும் ஒரு வண்டியில். நாமக்கல்லுக்கு இதைவிடப் பொருத்தம் வேறு வேண்டுமா என்று தோன்றும். ஆனால் அங்கே நடப்பதைக் கவனிக்க வேண்டும். வனபர்வத்தில் பீமனைச் சந்திக்கும் அனுமன், கொடியில் வந்திருந்து முழங்குவதாகத் தானே வாக்குக் கொடுக்கிறார். மற்ற நான்கு பாண்டவர்களின் தேர்களில் அவர் இல்லை. ஒரு தேர், ஒரு போர். போர் முடிந்து கண்ணன் இறங்கியதும் கொடியிலிருந்தவர் மறைகிறார், தேர் எரிந்து சாம்பலாகிறது. அது வந்து தங்கிய ஒரு துணை, வேலை முடிந்ததும் போய்விட்டது. நம் பெயிண்டர் நெற்றியில் 'துணை' என்று எழுதுவதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது; ஆயிரம் ஸ்டிக்கர் அடிப்பதற்கு இது ஆதாரம் ஆகாது. புறநானூற்றின் 56ஆம் பாட்டும் இங்கே உதவுகிறது. பாண்டியனுக்கு உவமையாக வரும் நான்கு தெய்வங்களின் கொடிகள் காளை, பனை, பறவை, மயில். தெய்வமே ஆனாலும் தன் கொடியில் தன் முகத்தை ஏற்றிக்கொள்ளவில்லை. நாட்டை ஆண்ட மூவேந்தரும் புலி, கயல், வில் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஒரு பிரிவினரின் சமய உணர்வைப் புண்படுத்தக்கூடிய சின்னத்தை 1999ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டம் பதிவு செய்ய விடாது; ஊதுபத்திக்கு 'ராமாயணம்' என்ற பெயரைத் தனியுரிமையாகக் கேட்டவருக்கு உச்ச நீதிமன்றம் 2015இல் இல்லை என்று சொன்னது. லேலண்டின் குறியை அனுமதியில்லாமல் லோகோவில் வைக்க நம் மன்றத்தார் அஞ்சுவார்கள், கம்பெனியிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வரும். சாமியிடமிருந்து நோட்டீஸ் வராது என்ற துணிச்சலில்தானே இந்த யோசனையே பிறக்கிறது? நம் சட்டப்படி கோயில் மூர்த்தியும் வழக்குப் போடக்கூடிய நபர் என்பதை யாராவது நினைவூட்டினால் நல்லது.

ஆஞ்சநேயர் ஊருக்கே பொது என்பார்கள். கும்பிடுவதில் பொதுதான். ஆனால் 786 எழுதிய வண்டியும் சிலுவை தொங்கும் வண்டியும் அதே பட்டறையில்தான் பாடி கட்டிக்கொண்டு வெளியே வருகின்றன. அந்த வண்டிக்காரர்களில் ஒருவர் ஆஞ்சநேயர் படத்தைப் பார்த்து ஒதுங்குவது வேறு, அதைத் தன் மார்பில் குத்திக்கொள்ளச் சொல்வது வேறு. லாரி மீதுள்ள ஆசையால் சேர்ந்த கூட்டம், அந்த ஆசையில் சந்தேகமே இல்லாத ஒருவரை வாசலிலேயே தயங்க வைக்கலாமா? அப்படியானால் சின்னம் சாமியில்லாமல் வெறிச்சென்று இருக்குமே என்ற மனக்குறைக்கு ஆயுத பூசை பதில் சொல்கிறது. அன்று ஸ்டியரிங், ஜாக்கி, ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். இரும்பே வணக்கத்துக்குரியது என்று ஏற்றுக்கொண்ட மரபில், ஒரு லாரியின் முன்முகத்தை வரைவது வெறுமை ஆகாது. அதன் கிரில்லை, நெற்றியை, இரண்டு விளக்குகளை அழுத்தமான நாலு கோட்டில் கொண்டுவரலாம். கீழே மன்றத்தின் பெயரைப் பட்டறைப் பெயிண்டர் ஒருவரே நிழல் கொடுத்து எழுதட்டும், கணினி எழுத்து வேண்டாம். கிரில் நடுவில் கம்பெனிக் குறி இருக்கும் இடத்தைக் காலியாகவே விட்டுவிடலாம். 1954 தொடங்கி 1969 வரை டாடா லாரிகள் தாங்கி வந்ததே பென்ஸ்காரரின் நட்சத்திரத்தைத்தான். ஒப்பந்தம் முடிந்ததும் அது இறங்கிவிட்டது, அந்த லாரிகளை நேசித்தவர்கள் அதற்காக நேசிப்பதை விட்டுவிடவில்லை.