துண்டுப் பலகைத் தோணி



1986-ம் ஆண்டு கலிலேயாக் கடலில் நீர் வற்றியபோது, கரைச் சேற்றில் ஒரு மரத்தோணி அகப்பட்டது. நீளம் ஏறக்குறைய 27 அடி. நம் ஆண்டவர் காலத்தையொட்டியதென்று அறிஞர் கணித்தனர். அர்ச். இராயப்பருடையதென்று எவரும் சாதிக்க வேண்டாம். கட்டியவன் ஏழையாயிருக்க வேண்டும். பழைய தோணிகளில் கழற்றிய பலகையும் கோணல் கொம்புமாக, 12 வகை மரத்துண்டுகளைச் சேர்த்து, மர ஆணியடித்து, ஒட்டுமேல் ஒட்டுப் போட்டிருக்கிறான்.

சேசுநாதர் சுவாமி ஜனங்களுக்குப் போதிக்க ஏறி உட்கார்ந்ததும் ஒரு செம்படவன் தோணியில்தான். பலகையைப் பார்த்துத் தயங்கினாரில்லை.

வீடு மந்திரிக்க வரும் என்னையோ, “சுவர் பூசி முடியட்டும், சுவாமி” என்று வாசலிலேயே திருப்பி விடுகிறீர்கள். வருகிற புதன் மாலை மேற்குத் தெருவில் தொடங்குகிறேன். நாற்காலி இரவல் வாங்க வேண்டாம்; பிள்ளைகளோடு எல்லாரும் வீட்டிலிருங்கள்.